பல் வெளுக்கும் கடை

எங்கள் கடையில் அதிகம் செய்த வேலை எது என்று கேட்டால், பல் வெளுத்ததுதான் என்பேன். பலகையில் அப்படி எழுதவில்லை. 'டிசைனிங், டிடிபி, பிளக்ஸ், அழைப்பிதழ், விசிட்டிங் கார்டு' என்று எழுதியிருந்தோம். ஆனால் இந்தப் பதினெட்டு வருடத்தில் என் கை வரைந்த லோகோக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெளுத்த பல்லுக்குக் கணக்கே கிடையாது.

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது என்பது கணக்கு. பல ஊர்களில் கிணறும் போர்க்குழாயும் அந்தக் கணக்கைத் தாண்டியவை. நிலைப்பல் ஈறுக்குள் உருவாகிற சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல் முளைக்கும்போதே சுண்ணாம்புத் திட்டோடு முளைக்கும், போகப்போகக் காவிக் கோடும் ஏறும். சாம்பல், செங்கல்தூள், வேப்பங்குச்சி, பேஸ்ட் எதற்கும் அது அசையாது. எங்கள் ஊர்க் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், பாதிப் பேர் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரித்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதை வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வெளுத்துக் கொடு என்று வாய்விட்டு யாரும் கேட்டதில்லை. படத்தைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போய்த் திரும்பி, "தம்பி, அந்தப் பல்லக் கொஞ்சம் பாத்துக்க" என்பார்கள். அவ்வளவுதான். பெண் வீட்டார் என்றால் அதையும் சொல்லமாட்டார்கள். கூட வந்த அக்காவோ சித்தியோ கண்ணால் காட்டுவார்கள்.

முதல் பல்லைக் கெடுத்தேன். மாப்பிள்ளையின் மேல்வரிசைப் பற்களை வளைத்துப் பிடித்து, மஞ்சளைச் சுத்தமாக எடுத்து, வெளிச்சத்தை ஏற்றிவிட்டேன். கணினியில் அழகாகத்தான் இருந்தது. பத்துக்கு எட்டு பிளக்ஸாக அடித்து மண்டப வாசலில் கட்டி, எதிரே ஃபோகஸ் லைட்டும் போட்டதும் மாப்பிள்ளையின் பல் மட்டும் தனியாக ஒரு கடை போட்டு உட்கார்ந்திருந்தது. மூன்று நாளைக்கு அவரைப் 'பேஸ்ட் மாப்ள' என்றே கூப்பிட்டார்கள். அதன்பிறகுதான் தெரிந்தது, மனிதப் பல் வெள்ளை கிடையாது. அதில் மஞ்சள் கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும். கண்ணின் வெள்ளையைவிடப் பல் ஒரு மாற்றுக் குறைவாக இருந்தால்தான் முகம் முகமாக இருக்கும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. அந்த மாப்பிள்ளைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

கடையை 2007 தை மாதம் இண்டூரில் திறந்தோம். நானும் மச்சானும். தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலை இண்டூர் வழியாகத்தான் போகிறது. ஒகேனக்கல் பஸ்ஸெல்லாம் கடைக்கு முன்னால்தான் ஆரன் அடித்துக்கொண்டு போகும். உரக்கடைக்கு மேல் மாடி அறை. பூச்சிமருந்து வாசனை படியேறி வரும். அத்தையின் தோடு அடகுக்குப் போய், இரண்டு அசெம்பிள்டு கணினி, ஒரு ஸ்கேனர், ஒரு பிரிண்டர் வந்தன. தருமபுரியில் மூன்று வருடம் டிடிபி வேலை பார்த்த மிதப்பில் 'கிராபிக் டிசைன் ஸ்டுடியோ' என்று பெரிதாக எழுதவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். மறுநாள் காலை முதலில் ஏறி வந்தவர் தலையை வழித்து வாரிக்கொண்டு, "பாஸ்போட் சைஸ் எத்தினி ரூபா?" என்றார். ஸ்டுடியோ என்றால் எங்கள் ஊரில் போட்டோ ஸ்டுடியோதான். ஒரு மாதம் எல்லோரையும் திருப்பி அனுப்பிப் பார்த்தோம். அப்புறம் மச்சான் ஒரு கேமராவும் நீலத்துணியும் வாங்கி வந்து சுவரில் ஆணி அடித்துவிட்டான். வாடகை கட்டியது அந்த நீலத்துணிதான்.

பிளக்ஸ் மெஷின் எங்களிடம் கிடையாது. அதெல்லாம் தருமபுரியில். ஃபைலை சிடியில் எழுதி டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால், சாயங்கால டிரிப்பில் சுருட்டிய பிளக்ஸ் வந்து இறங்கும். ஒரு காதுகுத்து பேனர் அப்படி வந்து இறங்கியதை மறக்க முடியாது. விரித்தால் படம் இருக்கிறது, பூ இருக்கிறது, பிள்ளையார் இருக்கிறார், எழுத்து முழுக்க ஆங்கிலக் குப்பை. அன்றைக்கு நாங்கள் பாமினி எழுத்துருவில் அடிப்போம். யூனிக்கோடு மாதிரி இல்லை அது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்ட ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்றுவிடும். 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். அதற்காகத்தான் அனுப்பும் முன் எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கிவிட வேண்டும், அதாவது எழுத்தைப் படமாக்கிவிட வேண்டும். அவசரத்தில் நான் மறந்துபோனேன். தாய்மாமன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு அரைப்புள்ளி. அவர் பேனரைப் பார்த்துவிட்டு, "எம் பேரு எங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ராத்திரியோடு ராத்திரியாகத் தருமபுரிக்கு வண்டியை விட்டு, கைக்காசு போட்டு மறுபடி அடித்து, விடியற்காலம் நானே கட்டினேன்.

2010ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிக்கோடை ஏற்றதாக ஆணை போட்டது. எங்கள் மாடிக்கு அது ஏறி வர மேலும் ஏழெட்டு வருடம் ஆனது. நாங்கள் வைத்திருந்த பழைய கோரல்டிராவில் யூனிக்கோடு தமிழைப் போட்டால் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் ஓடும். இன்றைக்கும் பழைய ஃபைலைத் திறக்க ஒரு கணினியில் பாமினியை விட்டுவைத்திருக்கிறோம்.

அழைப்பிதழ் வேலை வேறு வகை. சிவகாசியிலிருந்து அட்டை வரும், பிள்ளையாரும் பூவும் அச்சாகியே இருக்கும். உள்ளே மேட்டர் மட்டும் நாங்கள் அடிக்க வேண்டும். அங்கே டிசைனுக்கு வேலையே இல்லை, பேர் வரிசைதான் எல்லாம். யார் பேர் முன்னால், யார் பேர் பின்னால், யாருக்கு 'திரு', யாருக்கு 'உயர்திரு', எந்தப் பங்காளிக்குப் பட்டப்படிப்பைப் போட வேண்டும். மூன்று புரூஃப் ஆகும், நான்கு ஆகும். பெரியப்பா கையெழுத்துப் போட்டுத் திருத்திய புரூஃபைச் சித்தப்பா கொண்டுவந்து வேறு மாதிரி திருத்துவார். எழுத்துப்பிழைக்காக ஒருவரும் எங்களோடு சண்டை போட்டதில்லை. 'வருகை'யை 'வறுகை' என்று அடித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஒரு பேர் ஒரு வரி கீழே இறங்கினால் சம்பந்தமே முறிகிற மாதிரி ஆகிவிடும்.

2009ல் ஒரு வேடிக்கை. அந்த வருடத்தின் தமிழ்ப் பேர் விரோதி. 'நிகழும் மங்களகரமான விரோதி வருடம்' என்று அடித்துக் காட்டியதும் பெண்ணின் அப்பா முகம் சுருங்கிவிட்டது. "வேற வருசம் இல்லியா தம்பி?" என்றார். பஞ்சாங்கத்தை நான் எங்கே போய் மாற்றுவது? திருவள்ளுவர் ஆண்டு 2040 என்று போடலாமே என்றாள் எங்களிடம் டைப் அடித்துக்கொண்டிருந்த தங்கச்சி. அவள் தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்தவள், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து மூளை வைத்திருந்தவள். அந்த ஒரு வருடத்தில் எங்கள் கடையால் எத்தனையோ குடும்பம் திருவள்ளுவர் ஆண்டுக்கு மாறியது. தமிழுணர்வு என்று யாராவது ஆய்வு செய்தால் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும். 2024 குரோதி வருடத்தில் அதே கதை திரும்பவும் நடந்தது.

எதிர் டீக்கடை பெஞ்சில் ஒரு பெயிண்டர் பெரியப்பா உட்கார்ந்திருப்பார். சொந்தம் இல்லை, ஊரே அப்படித்தான் கூப்பிடும். மில் பலகை, பஸ் பேர், கட்சிச் சுவர், பாரதக் கூத்து நடக்கும் கோயிலின் வளைவு, எல்லாம் அவர் கை. பிளக்ஸ் வந்தபிறகு அவருக்கு வேலை இல்லை. சதுர அடி பத்துப் பதினைந்து ரூபாய்க்கு முகத்தோடு கலரில் கிடைக்கும்போது, இரண்டு நாள் காய வேண்டிய எனாமல் எழுத்தை யார் கேட்பார்கள்? அவர் பிழைப்பில் மண்ணைப் போட்டது நாங்கள்தான். அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தினம் ஒருமுறை படியேறி வந்து, என் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார்.

அவர் சொன்ன முதல் வார்த்தை: "எழுத்த இழுக்காத. அது என்னா, ரப்பரா?"

பேர் நீளமாக இருந்தால் அகலத்தைப் பிடித்து நெருக்கி இடத்துக்குள் திணிப்பது எங்கள் வழக்கம். அப்படி நெருக்கினால் நிற்கிற கோடு மெலியும், படுத்த கோடு அப்படியே இருக்கும். எழுத்து நோயாளி மாதிரி ஆகிவிடும். பெரியப்பா சுவரில் எழுதும்போது முதலில் நூல் அடித்து, கரியால் எழுத்தின் இடத்தை மட்டும் எண்ணிக் குறித்துக்கொள்வார். இடம் பற்றவில்லை என்றால் எழுத்தையே சின்னதாக்குவார், ஒருபோதும் நெருக்கமாட்டார். 'ழ'வுக்குச் சாப்பாடு அதிகம், 'ர'வுக்குக் குறைச்சல் என்பார். இடைவெளியைத்தான் சாப்பாடு என்று சொல்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது. எங்கள் எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சோறு. டைப்போகிராபி என்று இப்போது யூடியூபில் மணிக்கணக்காகப் பேசுகிறார்களே, அதில் முக்கால்வாசி எனக்கு அந்த டீக்கடை பெஞ்சிலேயே கிடைத்துவிட்டது.

அவர் 'லை' மட்டும் பழைய மாதிரிதான் போடுவார், யானைத் துதிக்கை வைத்து. 1978ல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டபோது அந்தத் துதிக்கை போய்விட்டது. பெரியப்பா தொழில் கற்றது அதற்கு முன்னால். புது 'லை'யில் கைக்கு ஒன்றும் வேலை இல்லை என்பார். சேலைக் கடைப் பலகை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். 'சே'யின் கொம்பும் 'லை'யின் துதிக்கையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும்.

மின்வெட்டுக் காலத்தைச் சொல்ல ஆரம்பித்தால் தனிக் கட்டுரை ஆகிவிடும். 2012ல் கரண்டு வரும் நேரத்தைச் சொல்லித்தான் வாடிக்கையாளருக்கு நேரம் கொடுப்போம். இன்றைக்கும் ஒரு கோடு போட்டவுடன் என் இடது கை தானாகக் கன்ட்ரோல் எஸ் அழுத்தும்.

அதே 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று தலித் காலனிகளில் வீடுகளை எரித்தார்கள். தருமபுரி என்றால் நாடு முழுக்க அதைத்தான் எழுதியது. கடையில் எங்களுக்கு அது வேறொரு விதமாக வந்து சேர்ந்தது. அதுவரை கோயில் நோட்டீஸின் பார்டருக்கு 'ஏதாச்சும் நல்ல கலராப் போடு' என்றவர்கள், அதன்பிறகு கலர் பேரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். எந்தக் கலர் வேண்டும் என்பதைவிட எந்தக் கலர் வேண்டாம் என்பதை அழுத்திச் சொன்னார்கள். நீலமும் மஞ்சளும் சிவப்பும் எந்த வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வருகிறது என்று சுட்டுவிரலால் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. கலர் பொருத்தம் பற்றி எந்தப் படிப்பு படித்திருந்தாலும் அந்த மாதங்களில் இண்டூரில் அது உதவியிருக்காது. நான் சாம்பல் நிறத்தில் ஏகப்பட்ட பார்டர் போட்டேன். அதைத் தைரியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

2019 செப்டம்பர் 12. சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் பொறியாளர் மேல் ஒரு பேனர் சரிந்து விழ, பின்னால் வந்த லாரி ஏறிவிட்டது. உயர் நீதிமன்றம் கோபப்பட்டது. எங்கள் பக்கமும் பேனர் ஆர்டர் அறுந்துபோனது. மச்சான் டென்ஷனில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த வாரம் வேறொரு கவலை. நாங்கள் அனுப்பிய பேனர்களில் எத்தனையை யார் எந்தக் கம்பத்தில் எப்படிக் கட்டினார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லையே என்று. டிசைனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சாலை ஓரத்தில் பத்தடி உயரத்துக்கு வரைந்தவன் நான்தான். பிளக்ஸ் நின்ற அந்தக் கொஞ்ச காலத்தில் பெயிண்டர் பெரியப்பாவுக்குச் சுவர் வேலை திரும்ப வந்தது. கூட வாடா என்று என்னையும் இழுத்துப்போனார். தூரிகை பிடிக்கத் தெரியாத டிசைனரை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடச் சுவரை முடித்தார். அடுத்த வருடம் அவர் போய்விட்டார்.

கொரோனா ஊரடங்கில் கல்யாணத்துக்கு ஐம்பது பேர்தான் என்றார்கள். பத்திரிகை வாட்ஸ்அப் படமாகச் சுருங்கியது. 'இருந்த இடத்திலிருந்தே வாழ்த்தவும்' என்று ஒரு வரி கண்டுபிடித்தோம், எல்லோரும் அதையே கேட்டார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும், அதற்குக் கல்யாணப் பத்திரிகையைக் காட்டலாம். அப்படி ஒரு நாள் ஒரு அம்மா வந்தார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாட்டிக்கொண்டிருக்கிறான், சோற்றுக்கு வழியில்லை, தங்கச்சிக் கல்யாணம் என்று ஒரு பத்திரிகை அடித்துக் கொடு கண்ணு என்றார். அவனுக்குத் தங்கச்சியே கிடையாது. மச்சான் வேண்டாம் என்றான். நான் அடித்தேன். மணமகள் பேருக்கு நிறைய நேரம் யோசித்தேன். வந்து சேர்ந்த பையன் படியேறி வந்து, "என் தங்கச்சி பேரு நல்லாருக்குண்ணா" என்றான்.

இப்போது செய்கிற வேலைகளைச் சொல்கிறேன். பேனர் பாதி குறைந்துவிட்டது. பையன்கள் போனிலேயே ஸ்டேட்டஸ் போட்டுக்கொள்கிறார்கள். நாலு வார்த்தை தட்டினால் செயற்கை நுண்ணறிவு மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி ஒகேனக்கல் அருவிக்கு முன்னால் நிறுத்திவிடுகிறது. பல்லும் பளிச்சென்று போட்டுவிடுகிறது. அந்த வெள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பேஸ்ட் மாப்ள ஞாபகம் வரும். போன வருடம் மகளிர் குழு ஒன்றுக்குக் கேழ்வரகு முறுக்கு லேபிள் செய்தோம். பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, பதினான்கு இலக்க உணவு உரிம எண், நிகர எடை, தயாரித்த தேதி, விலை, இவ்வளவும் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்க வேண்டும். அதைவிடக் கஷ்டம் கேழ்வரகின் நிறம். திரையில் சரியாக இருப்பது அச்சில் காபித்தூள் ஆகிவிடும், கொஞ்சம் சிவப்பு ஏற்றினால் செங்கல். தட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு ஆறு முறை அடித்துப் பார்த்தோம். முறுக்கும் தீர்ந்துபோனது.

அந்த லேபிளில் 'விலை'யின் 'லை'யைப் பெரியப்பாவின் துதிக்கையோடு வரைந்து வைத்தேன். குழுத் தலைவி அக்கா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இது என்னா தம்பி, தப்பா அடிச்சிருக்க?" என்றார். கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, மாத்திடு" என்றார். மாற்றிவிட்டேன்.

பள்ளிக்கூட அடையாள அட்டை வருடா வருடம் வரும். வாயை மூடிக்கொள் என்று எத்தனை சொன்னாலும் பிள்ளைகள் பல்லைக் காட்டத்தான் செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ல் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பி, இங்கே எதிர்ப்புக்கு எதிர்ப்பு கிளம்பி, எங்களுக்குக் கூட போஸ்டர் வேலை வந்தது. ஜப்பான் கடனுதவியில் வேலை நடந்து 2013ல் காவிரித் தண்ணீர் குழாய்க்கு வந்தது. ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது அந்தத் திட்டத்தின் பேரிலேயே உண்டு. எல்லாத் தெருவுக்கும் எல்லா நாளும் வருகிறது என்று சொல்லமாட்டேன், போர்த்தண்ணீர் குடிக்கிற வீடு இன்னும் இருக்கிறது. ஆனால் போன ஜூனில் அட்டை வேலை முடித்தபோது ஒன்று கவனித்தேன். ஐந்தாம் வகுப்புப் படங்களில் பல்லைத் தொடாமலே பல பிள்ளைகளைத் தாண்டிப் போயிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் அப்படி இல்லை. இது ஆய்வு இல்லை, என் மவுஸ் சொல்கிற கணக்கு.

கண்ணீர் அஞ்சலி வேலை மட்டும் குறையவே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஷட்டரைத் தட்டுவார்கள். கையில் படம் இருக்காது. நூறு நாள் வேலை அட்டையில் முகத்தின் மேல் முத்திரை விழுந்த படம் இருக்கும், இல்லாவிட்டால் யாருடைய கல்யாணத்திலோ கடைசி வரிசையில் நின்ற அரை முகம். கிழவிகளுக்கு அதுவும் இருக்காது. ஐந்து வருடத்துக்கு முன்னால் இது தெரிந்த ஒரு பாட்டி, தானே கம்பு ஊன்றிப் படியேறி வந்தார். நீலத்துணிக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நான் செத்தா ஒட்டுறதுக்கு ஒண்ணு எடுத்து வெய்யி. எம் பசங்க எதையாச்சும் புடிச்சிக் குடுத்துடுவானுங்க" என்றார். வாயை மூடிக்கொள்ளச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள் நன்றாகவே சிரித்துவிட்டார். மேல்வரிசையில் நாலே பல், நாலும் காவி. எடுத்த படத்தைத் திரையில் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"வெள்ள பண்ணு" என்றார். அந்த வார்த்தையை நேராகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

பண்ணினேன். மஞ்சள் கொஞ்சம் விட்டுத்தான் பண்ணினேன். சுருக்குப்பையிலிருந்து இருநூறு ரூபாய் அட்வான்ஸ் எடுத்து வைத்தார், வேண்டாம் என்றதற்கு, "அப்பறம் ஆரு குடுப்பா?" என்றார். தோற்றம் தேதி அவருக்குத் தெரியாது. மறைவு இடம் காலியாக இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் ஆடி பதினெட்டு முடிந்த வாரத்தில் வந்து, படம் பத்திரமாக இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்வார். கணினி இரண்டு முறை மாறிவிட்டது, ஃபைலும் கூடவே மாறி வந்துகொண்டிருக்கிறது. இந்த வருடமும் வந்தார். நாலு பல்லில் ஒன்று விழுந்துவிட்டதாம், அதை எடுத்துவிடவா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார்.